கேளாமல் இழுத்த கயிறு

முல்லைத்தீவுக் கரையிலிருந்து சங்கு குளிக்கப் போகிற படகுகளில் ஒன்றில் மட்டும் ஒரு பெண் இருப்பாள். வயது நாற்பத்தொன்று. தலையில் துவாய்க் கட்டு, உடம்பில் கணவனின் பழைய முழுக்கைச் சேட்டு, மடியில் முட்டு என்கிற ஆஸ்துமா வந்தால் இழுக்கிற நீலப் பம்ப். பெயர் எமில்டா. புருசனுக்குச் சோறு கட்டிக்கொண்டு துணைக்கு வந்தவள் என்று நினைத்துவிட வேண்டாம். ஆறு பாகம், அதாவது முப்பத்தாறு அடித் தண்ணீருக்கு அடியில் நிற்கிற மனிசனின் உயிர் அவள் கையிலிருக்கிற கயிற்றின் மறுமுனையில் கிடக்கிறது.

இது எப்படி வந்தது என்று ஊரில் ஆளுக்கொரு கதை சொல்லுகிறார்கள். அதில் பாதி பொய், மீதி வயிற்றெரிச்சல். நடந்ததை நடந்தபடி சொன்னால்தான் எமில்டாவுக்கு நியாயம் செய்ததாக இருக்கும்.

சங்கு குளிக்கிறவனுக்குக் கயிறு பிடிக்கிறவன் அவனுடைய மச்சானாக இருக்க வேண்டும். பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன். இந்தக் கரையில் இது எழுதி வைக்காத சட்டம். ஏன் என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்லுவார்கள். "அண்ணன் தம்பிக்குள்ள காணிச் சண்டை வரும். சிநேகிதனுக்கு வெறியில நித்திரை வரும். மச்சானுக்கு மட்டும்தான் தன்ர சகோதரி வெள்ளைச் சீலை உடுத்தக்கூடாது எண்ட பயம் இருக்கும்."

எமில்டாவின் கணவன் ஸ்ரீபனுக்கு அப்படி ஒரே ஒரு மச்சான்தான் இருந்தான். டிலக்ஸன். சுனாமி தாயையும் தகப்பனையும் கொண்டுபோன பிறகு எமில்டாவுக்கு மிஞ்சியிருந்த ஒரே தம்பி. அத்தானின் இடுப்புக் கயிற்றை ஒன்பது வருசம் பிடித்தான், ஒரு நாள்கூடத் தவறு விடவில்லை. பிறகு பிரான்சுக்கு வழி கிடைத்தது, போய்விட்டான். இருபத்தைந்து வயதுப் பொடியனை ஒரு கயிற்றோடு கட்டி வைக்க முடியுமா? எமில்டாதான் போ என்று சொல்லி அனுப்பினாள்.

அவன் போன கிழமை ஸ்ரீபனின் முற்றத்தில் கதிரைகள் போட்டு ஆண்கள் கூடிவிட்டார்கள். கயிறு யார் பிடிப்பது? ஸ்ரீபனின் தமையன் நான் வாறன் என்றார். அவருக்கும் ஸ்ரீபனுக்கும் வேலிப் பிரச்சினை இருப்பது ஊருக்கே தெரியும், ஆகவே எல்லாரும் வேறு பக்கம் பார்த்தார்கள். இன்னொருவர் தன் பக்கத்து வீட்டுக்காரனின் பெயரைச் சொன்னார். அவன் பத்து மணிக்கே கள்ளுத் தவறணையில் இருப்பான். இப்படி ஒரு மணித்தியாலம் போனது. எமில்டா குசினியிலிருந்து தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். வைத்துவிட்டுப் போகவில்லை.

"தம்பி என்ர தாலிக்காகத்தானே கயிறு பிடிச்சவன்?" என்றாள். "அந்தத் தாலி இப்ப ஆற்ற கழுத்தில கிடக்கு? நானே பிடிக்கிறன்."

எல்லாரும் ஒரேயடியாக வாய் திறந்தார்கள். பொம்பிளை கடலுக்குப் போறதா, அதுவும் முட்டுக்காரி, நாலு படி ஏறினால் நெஞ்சு விசிலடிக்கிறவள், மூச்சடக்குகிறவனுக்கு மூச்சில்லாதவளா காவல் என்று ஒரே சிரிப்பு. ஸ்ரீபனும் சிரித்தான். ஆனால் அவனுக்கு வேறு வழி இருக்கவில்லை. "சரி, வரட்டும். ரெண்டு நாள் சத்தியெடுத்தால் தானா நிண்டிடுவாள்" என்றான்.

எமில்டா நாலு நாள் படகோரம் குனிந்து சத்தியெடுத்தாள். ஐந்தாம் நாளும் விடிய நாலரைக்குப் படகடியில் நின்றாள். இயந்திரம் ஓட்டுகிற ரூபன் அவளுக்குத் தூரத்துச் சொந்தம், பிள்ளை குட்டிக்காரன். அவன்தான் தலையிலடித்துக்கொண்டு சொன்னான்: "அண்ணை, உவா நிக்கிற ஆளில்லை. ஏத்துங்கோ."

கயிற்றுக்கு ஒரு பாஷை இருக்கிறது. குளிக்கிறவன் ஒருமுறை அடித்தால், இழு. இரண்டுமுறை அடித்தால், விடு, நான் நல்லாயிருக்கிறன், இன்னும் நேரம் வேணும். அவ்வளவுதான். குளிக்கிறவன் கேளாமல் கயிறு பிடிக்கிறவன் இழுக்கக்கூடாது. இழுத்தால் கீழே இருக்கிறவனின் தலை கல்லில் அடிபடலாம், கயிறு பார் என்கிற கடலடிப் பாறையில் சிக்கலாம். மானமும் போய்விடும். கேளாமல் இழுபட்டு மேலே வந்தவனைப் பார்த்து மற்றப் படகுக்காரர் 'என்ன, சுறாவோ பிடிச்சனி?' என்று மச்சானிடம் கேட்பார்கள். அந்தப் பகிடி பத்து வருசம் நிற்கும்.

நேரத்துக்கு மணிக்கூடு பார்ப்பதில்லை. அருள் நிறைந்த மரியே செபத்தைச் சொல்லி எண்ணுவார்கள். நிதானமாகச் சொன்னால் ஒன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு செக்கன் வரும். சாதாரண ஆள் ஐந்தில் வந்துவிடுவான். ஸ்ரீபன் ஏழு. சில நாளில் எட்டு. அந்தக் கரையிலேயே அவனுடைய மூச்சுக்குத்தான் பெயர், அந்தப் பெயரை அவன் கண்ணாடி போலத் துடைத்து வைத்திருந்தான்.

எமில்டா இரண்டு மாதத்தில் டிலக்ஸன் ஒன்பது வருசத்தில் கண்டுபிடிக்காத ஒன்றைக் கண்டுபிடித்தாள். அதற்குக் காரணம் அந்த முட்டுத்தான். மற்றவர்களுக்கு மூச்சு தானாக நடக்கிற காரியம். காலை மாலை என்று அதைப் பற்றி ஒருத்தரும் நினைப்பதில்லை. ஏழு வயதிலிருந்து முட்டு இழுத்தவளுக்கு அப்படியில்லை. மூச்சு எப்போது வரும், எப்போது வராமல் அடம் பிடிக்கும், நெஞ்சு எந்த இடத்தில் முதலில் இறுகும் என்று அவள் முப்பது வருசத்துக்கு மேலாக உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்த விசயத்தில் அவளுக்கு மிஞ்சி அந்த ஊரில் ஆள் கிடையாது.

கயிறு ஸ்ரீபனின் வயிற்றைச் சுற்றிக் கட்டியிருக்கும். ஐந்தாவது செபம் முடிகிற நேரம் கயிற்றில் ஒரு சின்னத் துடிப்பு வரும். அடித்துக் கேட்கிற துடிப்பு இல்லை. வயிறு தானாக உள்ளே இழுத்து விடுகிற துடிப்பு. உடம்பு மூச்சுக் கேட்கிறது, அவன் கொடுக்க மாட்டேன் என்கிறான். ஆறில் அது இன்னும் பலமாகும். ஏழில் அவன் ஒருமுறை அடிப்பான், அவள் இழுப்பாள். விக்கல் பிடித்த பிள்ளையின் முதுகில் கை வைத்தால் தெரிகிற மாதிரி அவளுக்கு அது கையில் தெரிந்தது.

"உங்களுக்கு அஞ்சில வயிறு துடிக்குதெல்லே?" என்று ஒருநாள் கேட்டாள்.

ஸ்ரீபன் திகைத்துப் போனான். "அது உனக்கு எப்படித் தெரியும்?"

"கயிறு சொல்லுது."

அன்றைக்குத்தான் அவன் முதல்முறையாக அவளை ஒரு கயிற்றுக்காரியாகப் பார்த்தான். ரூபனுக்கு வாய் சும்மா இருக்குமா? பின்னேரமே கரை முழுக்கச் சொல்லிவிட்டான். எமில்டாவுக்கு உள்ளுக்குள் சந்தோசம் பொங்கியது. காட்டிக்கொள்ளவில்லை.

இப்படி ஒரு வருசத்துக்கு மேல் போனது. அதன் பிறகுதான் அனிஸ்ரன் அந்த வீடியோவோடு வந்தான்.

அனிஸ்ரன் பக்கத்துப் படகில் குளிக்கிறவன், முப்பது வயது, நல்ல பொடியன்தான். போனில் ஏதோ ஒரு நாட்டு வெள்ளைக்காரன் கடலில் குதிக்க முன் வேகவேகமாக ஊதுகிறதைப் பார்த்திருக்கிறான். வெள்ளைக்காரன் என்ன சொன்னான் என்று அவனுக்கும் விளங்கவில்லை, எங்களுக்கும் விளங்காது. செய்து பார்த்தான். முப்பது தரம் உஸ் உஸ் என்று ஊதி ஊதி இழுத்துவிட்டுக் குதித்தான். அஞ்சில் வருகிறவன் எட்டில் வந்தான்! இரண்டு கிழமைக்குள் கரையில் இருக்கிற அத்தனை பேரும் படகின் முன்பக்க அணியத்தில் நின்று துருத்தி மாதிரி ஊதத் தொடங்கிவிட்டார்கள்.

அதற்கு ஒரு அடையாளமும் கண்டுபிடித்தார்கள். ஊத ஊத விரல் நுனி விறைக்கும், உதடு மரக்கும், தலை லேசாகும். 'விரல் விறைச்சால் நெஞ்சு நிறைஞ்சிட்டுது, குதி' என்பது புதுச் சட்டமாகிவிட்டது. விரலை உதறிக் காட்டாமல் ஒருத்தரும் தண்ணீரில் இறங்குவதில்லை.

ஸ்ரீபன் சும்மா இருப்பானா? நேற்று வந்த பொடியன் எட்டுக்கு வந்தால் அவன் பத்துக்குப் போக வேண்டாமா? போனான். மூன்றாம் நாள் பத்து. வலைப்பை நிறையச் சங்கோடு வந்து சிரித்தான். "பார்த்தியே? ஒரு கஸ்ரமும் இல்லை. கீழ சும்மா கட்டில்ல படுத்திருக்கிற மாதிரி இருக்குது. விரல் விறைச்சாப் போதும், ஜம்மெண்டு போகலாம்."

எமில்டா அவனுடைய விரலைப் பார்த்தாள். அவளுக்கு அந்த விறைப்புத் தெரியும்.

முந்தின வருசம் ஒருநாள் காலையில் அவளுக்கு முட்டுக் கடுமையாகி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்ததில் இழுப்புக் குறைந்துவிட்டது. பயம் மட்டும் குறையவில்லை. இன்னும் மூச்சுப் போதாது என்று நினைத்து வேகமாக வேகமாக இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் விரல்கள் விறைத்தன, உதடு மரத்தது, கை தானாக மடங்கியது. செத்துப்போகிறேன் என்று கத்தினாள். தேனுகா என்ற இளம் டொக்ரர் வந்து பக்கத்தில் இருந்து தோளைப் பிடித்தா. "அம்மா, உங்களுக்கு மூச்சுக் கூடிப்போச்சு, குறையேல்லை. மெல்ல விடுங்கோ, மெல்ல. விறைப்பு அஞ்சு நிமிசத்தில போயிடும்" என்றா. போயும் விட்டது.

மூச்சுக் கூடிய விறைப்பு. அதைப் போய் இந்த மனிசன் நெஞ்சு நிறைந்ததற்கு அடையாளம் என்கிறானே! அது அவள் மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. இன்னொன்றும் இருந்தது, அது இன்னும் மோசம். ஊதத் தொடங்கிய பிறகு கயிற்றில் வருகிற வயிற்றுத் துடிப்பு பிந்திவிட்டது. முதலில் ஐந்தில் வந்தது ஏழுக்குப் போனது, எட்டுக்குப் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை அவள் பத்து வரைக்கும் எண்ணினாள். துடிப்பு வரவே இல்லை. அவன் அதற்குப் பிறகு சாவகாசமாக ஒருமுறை அடித்து, மேலே வந்து, கண் இரண்டும் எங்கேயோ பார்த்தபடி கொஞ்ச நேரம் பேச்சில்லாமல் இருந்தான்.

அடுத்த நாள் எமில்டா கடலுக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி தேனுகா டொக்ரரிடம் போனாள். கிளினிக்கில் நாற்பது பேருக்குப் பின்னால் நின்று, முறை வந்தபோது தன் முட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் புருசனின் மூச்சைப் பற்றிச் சொன்னாள். கயிறு, செபம், துடிப்பு எல்லாவற்றையும் சொன்னாள். டொக்ரர் பேனையைக் கீழே வைத்துவிட்டா.

"துடிப்பு வரேல்லையெண்டு நீங்கள் கையால கண்டுபிடிச்சனீங்களா?"

"ஓம் மிஸ்."

"அம்மா, வடிவாக் கேளுங்கோ. எங்கட பிடரிக்குள்ள, மூளையின்ர அடியில ஒரு காவல்காரன் இருக்கிறான் எண்டு வையுங்கோ. நாங்கள் நித்திரை கொண்டாலும் மூச்செடு மூச்செடு எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறவன் அவன்தான். அவன் நல்ல காத்து, ஒட்சிசன், எவ்வளவு இருக்கெண்டு பெரிசாப் பாக்கிறேல்லை. கழிவுக் காத்து, அதுதான் காபனீரொட்சைட்டு, எவ்வளவு சேர்ந்திட்டுது எண்டுதான் பாக்கிறவன். அது கூடினால்தான் வயித்தைப் பிடிச்சு உலுப்புவான். நீங்கள் கயித்தில கண்டது அதைத்தான்."

"அப்ப ஊதினால்?"

"ஊதினால் கழிவெல்லாம் வெளியில போயிடும். நல்ல காத்து அதால கூடாது, நெஞ்சு முதலே நிறைஞ்சுதானே இருக்கு. காவல்காரன் கழிவில்லையெண்டு சும்மா இருப்பான். இங்கால நல்ல காத்து முடிஞ்சுகொண்டு போகும். அவருக்கு ஒரு கஸ்ரமும் தெரியாது. சந்தோசமா இருப்பார். மேல வர வர தண்ணியின்ர அமுக்கம் குறைய, மிச்சமிருக்கிற கொஞ்சமும் பத்தாமப் போய், அப்படியே நினைவு தப்பும். நோகாது, மூச்சு முட்டாது. லைற்றை நிப்பாட்டின மாதிரித்தான்."

எமில்டா, அப்படி நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். டொக்ரர் சொன்னதை இரண்டுமுறை திருப்பிச் சொல்லிப் பாடமாக்கினாள். எழும்பும்போது டொக்ரர் சொன்னா: "நான் இதைப் புத்தகத்தில படிச்சனான் அம்மா. நீங்கள் கயித்தில படிச்சிருக்கிறியள்."

அந்தச் சொல்லை நெஞ்சில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவளுக்கு ஸ்ரீபனிடம் கிடைத்த மரியாதை என்ன தெரியுமா? சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தான். "நான் பதினாறு வயசில இருந்து கடலுக்கு அடியில கிடக்கிறன். முட்டுக்காரி எனக்கு மூச்சுப் படிப்பிக்கப் போறியே?"

"முட்டுக்காரி எண்டபடியால்தான் சொல்லுறன். கஸ்ரப்பட்டு வாற மூச்சுக்கு நான் பயப்பிடேல்லை. கஸ்ரமே இல்லாமல் கிடக்கிறியளே, அதுக்குத்தான் பயம்."

"டொக்ரர்மார் வீட்டுக்குள்ள இருந்து நூறு சொல்லுவினம்."

"சரி. ஊதினால் நான் எட்டில இழுப்பன். நீங்கள் கேட்டாலும் கேக்காட்டிலும்."

"இழுத்துப் பார்!" என்றான் ஸ்ரீபன். "கேளாமல் இழுத்தாயெண்டால் அண்டையோட நீ கரையில. பிறகு என்ர கயித்தைத் தொடக்கூடாது."

அவன் சொன்னால் செய்வான். கயிறு போனால், தான் இல்லாத இடத்தில், தன் கண்ணுக்கு எட்டாத இடத்தில் அவன் சாவான் என்பது எமில்டாவுக்குத் தெரியும். அன்றைக்கு அவள் வாயை மூடிக்கொண்டாள். அதற்குப் பயம் என்று பெயர் வைக்கிறவர்கள் வைக்கட்டும், அவள் கணக்குப் போட்டாள் என்றுதான் நான் சொல்லுவேன்.

ஸ்ரீபனும் ஊதுவதை விட்ட மாதிரித்தான் தெரிந்தது. ஆறு நாள் அவள் முன்னால் ஊதவில்லை. துடிப்பு மறுபடி ஐந்தில் வந்தது. அவளுக்கு நித்திரையும் வந்தது. ஏழாம் நாள், காற்றில்லாத ஒரு காலை, ஆறு பாகத்தில் நல்ல சங்குப் படுக்கை ஒன்று அகப்பட்டது. முதல் குளிப்பிலேயே பெரிய பெரிய சங்காக வந்தது. கொஞ்சம் தள்ளி அனிஸ்ரனின் படகு. அங்கிருந்து அவன் கத்தினான்: "ஸ்ரீபன் அண்ணை! இண்டைக்குப் பத்தோ, வயசு போச்சோ?"

ஸ்ரீபன் முகக் கண்ணாடியைக் கழுவுகிறவன் போல முதுகைக் காட்டிக்கொண்டு அணியத்தில் குந்தினான். வழமையாக அரை நிமிசத்தில் முடிகிற வேலை நீண்டுகொண்டு போனது. தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்குவதை எமில்டா கவனிக்க முதல், அவன் எழும்பி வலக்கை விரலை ஒருமுறை உதறிவிட்டுக் குதித்துவிட்டான்.

"ரூபன்! உவர் ஊதிட்டார்!"

"என்ன அக்கா செய்யிறது இனி?"

அவள் எண்ணத் தொடங்கினாள். ஒன்று. இரண்டு. கயிறு நேராக இறங்கியது. மூன்று, நான்கு. அவன் அடியில் நடந்து திரிவது தெரிந்தது. ஐந்து. துடிப்பு இல்லை. ஆறு. இல்லை. ஏழு. கயிற்றைக் காதோடு வைத்துக் கேட்டால் ஏதும் கேட்குமா என்றுகூட நினைத்தாள். எட்டு முடிந்தது.

இழுக்கக் கையைக் கூட்டினாள். அந்த நேரம் கீழேயிருந்து கயிறு அடித்தது. டக் டக். இரண்டு தரம், நல்ல பலமாக. விடு, நான் நல்லாயிருக்கிறன்.

"அண்ணை விடச் சொல்லுறார் அக்கா!" என்றான் ரூபன். கயிறு ஆடியதை அவனும் கண்டான்.

அந்தக் கரையில் எத்தனை தலைமுறை கயிறு பிடித்திருக்கிறது! இரண்டு அடி விழுந்த பிறகு இழுத்த மச்சான் ஒருத்தன் இல்லை. இழுத்து அவன் தலை பாரில் அடிபட்டால் பழி அவளுக்கு. ஒன்றும் நடக்காமல் அவன் சுகமாக மேலே வந்தாலும் நாளையிலிருந்து அவளுக்குப் படகு இல்லை. எமில்டா அதையெல்லாம் நினைத்தாள், நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த அடி அவளுக்கு வேறு மாதிரிக் கேட்டது. எட்டுச் செபம் மூச்சில்லாமல் கிடக்கிற உடம்பு நல்லாயிருக்கிறேன் என்று சொல்லுமா? சொல்லுகிறது என்றால் உள்ளே காவல் இல்லை.

இழுத்தாள்.

கீழே அவன் இழுத்துப் பிடித்தான். கோபத்தில் கயிற்றை வெட்டி வெட்டி அடித்தான். அவள் காலைப் பலகையில் உதைந்துகொண்டு இழுத்தாள். ஒரு பாகம், இரண்டு பாகம். மூன்றாவது பாகத்தில் எதிர்ப்பு நின்றது. கயிறு கனத்தது. உயிருள்ளவன் கயிற்றோடு கூட எழும்புவான், பாரம் தெரியாது. இது மூட்டைப் பாரம். "ரூபன், ஓடி வா!" அவளுக்கு நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கிவிட்டது. இழுக்கிற ஒவ்வொரு முழத்துக்கும் முட்டு ஒரு படி ஏறியது. மடியிலிருந்த பம்ப் எங்கேயோ உருண்டு போனது. அவள் தேடவில்லை, கயிற்றையும் விடவில்லை.

தலை மேலே வந்தது. வாய் மூடிக் கிடந்தது, உதடு நாவற்பழ நிறம். கண் பாதி திறந்தபடி ஒன்றையும் பார்க்கவில்லை. ரூபன் அக்குளுக்குள் கை கொடுத்துத் தூக்கிப் போட்டான், போட்டுவிட்டு "மாதாவே, மாதாவே" என்று குழறினான். எமில்டா முகக் கண்ணாடியைக் கழற்றி எறிந்தாள். தாடையைத் தூக்கிப் பிடித்து, கன்னத்தில் தட்டி, தன்னிடம் இல்லாத காற்றை எங்கிருந்தோ எடுத்து அவன் கண்ணுக்கு மேல் ஊதினாள்.

"ஸ்ரீபன்! மூச்செடுங்கோ! ஸ்ரீபன், மூச்செடுங்கோ!"

ஒன்றும் இல்லை. திரும்ப ஊதினாள், திரும்பத் தட்டினாள், கல்யாணம் கட்டிய நாள் தொடக்கம் பெயர் சொல்லி அழைக்காத மனிசனைப் பெயர் சொல்லிக் கத்தினாள். இனி வாயோடு வாய் வைத்து ஊத வேண்டியதுதான் என்று அவள் குனிந்தபோது அவனுடைய நெஞ்சு ஒருமுறை தூக்கிப் போட்டது. கொர் என்று ஒரு சத்தத்தோடு காற்று உள்ளே போனது.

பத்து மூச்சு எடுத்தான். கண் நிலைக்கு வந்தது. அவளைப் பார்த்தவுடன் முகம் கோபத்தில் சிவந்தது.

"என்ன விசர் வேலை பாத்தனி? விடச் சொல்லி அடிச்சனானெல்லே! எனக்கு இன்னும் எவ்வளவு மூச்சுக் கிடந்தது தெரியுமே?"

ரூபன் ஓவென்று அழுதுவிட்டான். "அண்ணை, நீங்கள் செத்துப்போனியள் அண்ணை!"

"ஆர் செத்தது? இப்பதானே கயிறடிச்சனான்" என்று சொன்ன ஸ்ரீபன் சுற்றிப் பார்த்தான். தான் படகுக்குள் மல்லாந்து கிடப்பதைப் பார்த்தான். கண்ணாடி முகத்தில் இல்லை. கையில் வலைப்பை இல்லை. அனிஸ்ரனின் படகு கிட்ட வந்து நிற்கிறது, அதில் நிற்கிறவர்கள் எல்லாரும் சிலுவை போடுகிறார்கள். "நான் எப்படி மேல வந்தனான்?" என்று கேட்டான். அவனுக்கு உண்மையாகவே தெரியவில்லை.

எமில்டாவால் பதில் சொல்ல முடியவில்லை. அவளுக்குத்தான் அப்போது மூச்சில்லை. இயந்திரத்துக்கு அடியில் கிடந்த நீலப் பம்ப்பை ஸ்ரீபன்தான் தவழ்ந்து போய் எடுத்துக் குலுக்கி அவள் வாயில் வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மீனவர் சங்க மண்டபத்தில் கூட்டம். விசயம் கரை முழுக்கப் பரவியிருந்தது, பரவியதில் பாதி பகிடியாகவே பரவியிருந்தது. பெண்கள் பின்வாசலோடு நின்றார்கள், எமில்டாவும் அங்கே. சங்கத் தலைவர் தொண்டையைச் செருமினார். "ஸ்ரீபன், உன்ர மனிசி கேளாமல் இழுத்தவாவாம். விடச் சொல்லி அடிச்ச பிறகும் இழுத்தவாவாம். மெய்யோ?" எங்கேயோ ஒருத்தன் 'சுறாவோ' என்று மெல்லக் கேட்டான், நாலு பேர் சிரித்தார்கள்.

பெயர்போன மூச்சுக்காரன். பத்து வருசமாக யாருக்கும் தலை குனியாதவன். எமில்டா கண்ணை மூடிக்கொண்டாள்.

ஸ்ரீபன் எழும்பினான். "ஓம், மெய்தான்" என்றான். "களவா ஊதிட்டு இறங்கினனான். எட்டு முடிய அவள் இழுத்தாள். நான் நல்லாயிருக்கிறன் எண்டு அடிச்சனான். பொய் அடிக்கேல்லை, நல்லாத்தான் இருந்தனான். சாகிறதெண்டு எனக்கே தெரியாது. அவளுக்குத் தெரிஞ்சுது. மச்சான் பிடிச்சிருந்தால் மரியாதைக்கு விட்டிருப்பான். இண்டைக்கு நீங்கள் என்ர சவப்பெட்டிக்குப் பின்னால நடந்திருப்பியள். என்ர பெண்சாதி ஒரு முட்டுக்காரி. இந்தக் கரையில மூச்சைப் பற்றி அவளுக்குத் தெரிஞ்ச அளவு எனக்குத் தெரியாது, உங்களில ஒருத்தருக்கும் தெரியாது. விருப்பமெண்டால் சிரியுங்கோ."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. எமில்டா கண்ணைத் திறந்தாள். பக்கத்தில் நின்ற பெண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெஞ்சு நிமிர்ந்து நிற்பது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

அனிஸ்ரனின் மனைவி நிரோஜா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். இடுப்பில் கைப்பிள்ளை. மண்டபத்தில் எல்லாருக்கும் கேட்கத்தான் பேசினாள்.

"அக்கா, என்ர தம்பிதான் இவருக்குக் கயிறு பிடிக்கிறவன். வீட்டை போய் அவனுக்குச் சொல்லோணும். எப்ப இழுக்கிறது?"

முன்வரிசையில் அனிஸ்ரன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். எமில்டா அவனைப் பார்த்தாள், பிறகு நிரோஜாவைப் பார்த்தாள்.

"ஊத விடக்கூடாது, அது முதல். பிறகு எண்ணிக்கொண்டிருக்கச் சொல்லு. துடிப்பு வந்தால் இழுக்கச் சொல்லு" என்றாள். "துடிப்பு வராமல், நான் நல்லாயிருக்கிறன் எண்டு கயிறடிச்சால், இன்னும் கெதியா இழுக்கச் சொல்லு."